செப்டம்பர் வேட்டை: முதிர்ந்த வெண்வால் மானை மிரள விடாமல் நெருங்குவது எப்படி

நவம்பரில் ஒரு பெரிய ஆண் வெண்வால் மான் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டையின் வாசனை கிடைத்தால் மைல் கணக்கில் அலையும். அதே மான் செப்டம்பர் தொடக்கத்தில் நேரம் தவறாமல் வேலைக்குப் போய் வருகிறவரைப் போல நடந்துகொள்ளும். பகலெல்லாம் ஒரே நிழலில் படுத்திருக்கும். பொழுது சாயும்போது எழுந்து, அநேகமாக ஒரே வழியில் ஒரே வயலுக்கு வரும். இந்த ஒழுங்கு இரண்டு மூன்று வாரம்தான் நீடிக்கும். அதற்குள் ஒரே ஒரு முறை உங்கள் வாடை அதன் மூக்கில் பட்டாலும் அது ஊரை விட்டு ஓடிவிடாது, ஆனால் அந்த வயலுக்கு இருட்டிய பிறகு மட்டும் வரப் பழகிக்கொள்ளும். வேட்டைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே பருவத் தொடக்க வேட்டையில் கணக்கு வைக்க வேண்டியது எத்தனை நாள் உட்கார்ந்தோம் என்பதை இல்லை, எத்தனை தடவை காட்டுக்குள் கால் வைத்தோம் என்பதை. ஒவ்வொரு நுழைவும் ஒரு செலவு. கையிருப்பு மிகக் குறைவு.

முதலில் சட்டம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் உரிமம் பெற்று, டேக் (ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு) வாங்கி, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து வில்லோடு போகிறவர்களுக்கு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வில் பருவம் நெப்ராஸ்காவில் செப்டம்பர் 1, கென்டக்கியில் செப்டம்பர் முதல் சனிக்கிழமை, மிசூரியில் செப்டம்பர் 15, இல்லினாய், இண்டியானாவில் அக்டோபர் 1 என்று தொடங்குகிறது. அக்டோபரில் திறக்கும் மாநிலங்களில் கீழே சொல்லும் முதல் பாதி உங்களுக்கு வேடிக்கை பார்க்கத்தான் உதவும். ஓக் கொட்டை பற்றிய பகுதி முக்கியம். தீனி போட்டு மானை இழுப்பது இல்லினாய், ஐயோவா போன்ற இடங்களில் அறவே கூடாது. மிசூரியில் தீனியை முழுக்க அள்ளி எடுத்த பிறகும் 10 நாள் வரை அது தீனி போட்ட இடமாகவே கருதப்படும். அரிசோனாவில் வேட்டைக்காக டிரெயில் கேமரா (மான் நடமாடும் இடத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமரா) வைப்பதே 2022 முதல் தடை. மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் படிக்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்.

எந்த மான் முதிர்ந்தது?

குட்டிகள் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும் பிறப்பதால் வேட்டைப் பருவத்தில் வயது எப்போதும் அரை வருடத்தோடு வரும்: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை. நாலரையும் அதற்கு மேலும்தான் இங்கே நம் பேச்சு. கொம்பைப் பார்த்து வயது சொல்வது ஏமாற்றும். நல்ல தீனி கிடைத்த இரண்டரை வயது மான் அகலக் கொம்போடு நிற்கும். உடம்பைப் பாருங்கள். இளசுக்குக் கால் நீளமாக, இடுப்பு ஒட்டி, பெட்டை மானுக்குக் கொம்பு வைத்தது போல இருக்கும். நாலரை வயதில் மார்பு இறங்கி, வயிறு மார்புக்குச் சமமாகத் தொங்கி, கால்கள் உடம்புக்குக் குட்டையாகத் தெரியும். செப்டம்பரில் கழுத்து இன்னும் வீங்கியிருக்காது. அதனால் கழுத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள் பகல் குறையக் குறைய ஆண் மானின் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. கொம்பின் மேலிருக்கும் வெல்வெட் தோல் காய்ந்து ஒரு நாள், ஒன்றரை நாளில் உரிந்து விழுகிறது. கோடை முழுக்க நாலைந்தாகச் சேர்ந்து மேய்ந்த ஆண் கூட்டம் இதற்குப் பிறகு ஒன்றையொன்று முறைக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் கலைந்துவிடும். சில மான்கள் அதே இடத்தில் தங்கும். சில ஒரு மைல், இரண்டு மைல் தள்ளியிருக்கும் தங்கள் இலையுதிர்காலப் பகுதிக்குப் பெயர்ந்துவிடும். ஜூலை முழுக்க உங்கள் வயலில் பார்த்த மான் செப்டம்பர் 20-க்குப் பிறகு காணாமல் போனால் உங்கள் மேல் குற்றம் இல்லாமலும் இருக்கலாம்.

தூரத்திலிருந்து உளவு

ஜூலை, ஆகஸ்டில் காட்டுக்குள் நடந்து தடம் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். வயலோரச் சாலையில் வண்டியை நிறுத்தி, 300 முதல் 500 கஜம் தள்ளி, 10x42 பைனாகுலரோடு கடைசி ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். தொலைவு அதிகமென்றால் முக்காலியில் ஸ்பாட்டிங் ஸ்கோப். குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கு: எந்த மரத்தருகே வயலுக்குள் இறங்கியது, மணி என்ன, காற்று எந்தத் திசை, வெப்பம் எவ்வளவு. பத்து மாலைக்கு இந்தக் குறிப்பு சேர்ந்தால் ஒரு சங்கதி கண்ணில் படும்: பெரிய ஆண் எல்லாக் காற்றிலும் ஒரே மூலையில் இறங்குவதில்லை. தென்காற்றில் ஒரு மூலை, வடமேற்குக் காற்றில் வேறு மூலை. இந்தக் குறிப்பு இல்லாமல் பரண் கட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு தோண்டுவது போல.

சாலையே இல்லாத நிலமென்றால் வயலுக்கு எதிர்ப்புறம், காற்று உங்களிடமிருந்து காட்டை விட்டு விலகி வீசும் இடத்தில், பார்ப்பதற்கென்றே ஒரு பரண் வையுங்கள். அங்கே உட்காருகிற நாளில் அம்பு விடும் எண்ணமே வேண்டாம். இரண்டு மாலை பார்த்துவிட்டு மூன்றாம் மாலை உள்ளே நகருங்கள்.

டிரெயில் கேமராவில் இரண்டு தப்பு சகஜம். ஒன்று, மெமரி கார்டு எடுக்க வாராவாரம் நடப்பது. படத்துக்காகப் போய்ப் போயே மானைக் கலைத்தவர்கள் ஏராளம். சட்டம் அனுமதித்தால் கைபேசிக்கே படம் அனுப்பும் செல்லுலார் கேமரா வைத்து அக்டோபர் வரை தொடாமல் விடுங்கள். அது கட்டுப்படியாகாதென்றால் வயலோரத்தில், வண்டியை ஒட்டி நிறுத்தி இறங்காமலே எட்டுகிற இடத்தில் மட்டும் வையுங்கள். நண்பகலில், மழைக்கு முன் போய் எடுங்கள். இரண்டாவது, மானின் கண் மட்டத்தில் கட்டுவது. ஏழெட்டு அடி உயரத்தில் கட்டி, பின்னால் ஒரு குச்சியைச் செருகிக் கீழே சாய்த்தால் முதிர்ந்த மான் அதை முறைத்துப் பார்க்காது. லென்ஸ் வடக்கு நோக்கி இருந்தால் சூரியன் படத்தைக் கெடுக்காது. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியுள்ள கேமராவில் இரவில் மங்கலான சிவப்புப் பொட்டு தெரியும். 940 நானோமீட்டரில் தெரியாது, ஆனால் வெளிச்சம் எட்டும் தூரம் குறையும்.

தீனி எங்கே, இந்த வாரம் எங்கே?

பருவத் தொடக்கத்தில் ஆண் மான் தீனிக்காகத்தான் எழுகிறது. சோயா இலை பச்சையாக இருக்கிற வரை அதுதான் முதல் விருந்து. இலை மஞ்சளிக்கத் தொடங்கிய சில நாளில் மான் அந்த வயலைக் கைவிட்டுவிடும். பிறகு காய் காய்ந்து குளிர் வந்தபின்தான் திரும்பும். ஒரே வயலில்கூட நிழல் படும் ஓரமும் தாழ்ந்த ஈரப் பகுதியும் ஒரு வாரம் கூடுதலாகப் பச்சை காட்டும். பெரிய வயலின் எஞ்சிய பச்சை மூலையில் செப்டம்பர் நடுவில் மான்கள் ஒதுங்குவதற்குக் காரணம் இதுதான். குதிரைமசாலும் குளோவரும் இன்னும் நீண்ட நாள் தாங்கும். அறுத்து ஒரு வாரம் கழித்து வரும் இளந்தளிருக்கு மான் தவறாமல் வரும்.

இதற்கிடையில் வெள்ளை ஓக் கொட்டை விழத் தொடங்கினால் வயல்கள் காலியாகிவிடும். வெள்ளை ஓக்கின் இலை மடல்கள் வட்டமாக முடியும்; சிவப்பு ஓக் இலையின் மடல் நுனியில் முள் போன்ற இழை நிற்கும். வெள்ளை ஓக் கொட்டை ஒரே பருவத்தில் முதிர்கிறது, துவர்ப்பு குறைவு. சிவப்பு ஓக் கொட்டைக்கு இரண்டு பருவம் வேண்டும், துவர்ப்பு அதிகம். அதனால் இரண்டும் ஒரே காட்டில் விழும்போது மான் வெள்ளையைத்தான் முதலில் தேடும். எல்லா மரமும் எல்லா ஆண்டும் காய்ப்பதில்லை. ஆகஸ்டில் பைனாகுலரால் மரத்தின் உச்சியைப் பார்த்து எது காய்த்திருக்கிறது என்று குறித்து வைத்தால், செப்டம்பர் கடைசியில் காடெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. மரத்தடியில் உடைந்த ஓடும் புதுப் புழுக்கையும் கலைந்த சருகும் இருந்தால் அந்த மரம்தான்.

வெயில் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வாரங்களில் தண்ணீரை மறக்காதீர்கள். படுக்கைக்கும் வயலுக்கும் நடுவே மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் சிறு குட்டையில், வயலை எட்டுவதற்கு அரை மணி முன்பே பெரிய ஆண் தலைகாட்டிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே அதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் குறைவு.

பரண்: எங்கே, எப்போது, எப்படி

வயலோரத்திலேயே பரண் கட்டினால் பெட்டைகளும் குட்டிகளும் இளசுகளும்தான் வெளிச்சத்தில் வரும். முதிர்ந்த ஆண் 50 முதல் 100 கஜம் உள்ளே, மரங்களுக்குள், மற்றவை வெளியே போய் ஆபத்தில்லை என்று காட்டும் வரை நின்று பார்க்கும். அந்த நிற்கும் இடத்துக்கும் வயலுக்கும் இடையில்தான் உங்கள் மரம் இருக்க வேண்டும். அதைத் தாண்டி உள்ளே போனால் படுக்கையை நெருங்கிவிடுவீர்கள். செப்டம்பரில் படுக்கை பல நேரம் தீனிக்கு வெகு அருகில் இருக்கும்: வடக்கு பார்த்த நிழல் சரிவு, ஓடைக்கரைப் புதர், மக்காச்சோள வயலின் உட்பகுதி.

பரண் கட்டுவதும் கிளை வெட்டுவதும் பருவம் திறக்க நான்கு வாரத்துக்கு முன்பே, நண்பகலில், முடிந்தால் தூறல் நாளில் முடிய வேண்டும். சட்டம் அனுமதிக்கும் இடத்தில், தேவையான அளவு மட்டும் வெட்டுங்கள். இரண்டு அம்பு வழி போதும். வெட்டிய கிளையை மான் தடத்தில் போடாதீர்கள். ஒரு சின்ன உத்தி உண்டு: தடத்துக்கு அப்பால் அந்தக் கிளைகளைக் குவித்தால், அங்கே சுற்றிப் போக நினைக்கும் மானும் உங்கள் பக்கமாகவே வரும்.

உயரமும் தூரமும் சேர்த்துக் கணக்கிட வேண்டியவை. 20 அடி உயரத்திலிருந்து 20 கஜம் தள்ளி நிற்கும் மானுக்கு அம்பு ஏறக்குறைய 18 டிகிரி சாய்வில் இறங்கும். அதே உயரத்திலிருந்து 10 கஜத்தில் 34 டிகிரி. அவ்வளவு செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்து வெளியேறலாம். ஒற்றை நுரையீரல் அடிபட்ட மான் வெகுதூரம் போய்விடும். ஆகவே தடத்திலிருந்து 18 முதல் 22 கஜத்தில் மரம் தேடுங்கள். இன்னும் மேலே ஏறினால் வாடை போகும் என்ற நம்பிக்கையில் 30 அடிக்கு ஏறுவது வீண் ஆபத்து. உங்களுக்குப் பின்னால் கிளையும் இலையும் இருக்கிற மரம் 18 அடியிலேயே மறைத்துவிடும். வெறும் தந்திக்கம்பம் போன்ற மரம் 25 அடியிலும் காட்டிக்கொடுக்கும்.

முழு உடல் ஹார்னஸ் (விழாமல் தாங்கும் பட்டை) இல்லாமல் ஏற வேண்டாம். மரத்தில் தொங்கும் லைஃப்லைன் கயிற்றில் ப்ரூசிக் முடிச்சை (நகர்த்தலாம், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும்) போட்டு, தரையில் இருக்கும்போதே இணைத்து, திரும்பத் தரை தொடும் வரை கழற்றாதீர்கள். வில்லையும் பையையும் கயிற்றில் கட்டிப் பிறகு மேலே இழுங்கள். பட்டைகளை ஒவ்வொரு பருவமும் சோதியுங்கள். வெயிலும் அணிலும் அவற்றைத் தின்றிருக்கும். பருவத்துக்கு முன் ஒரு நாள் வீட்டு மரத்தில் பரணைப் பொருத்தி எழுந்து, உட்கார்ந்து, வில்லை இழுத்துப் பாருங்கள். உலோகம் உலோகத்தில் படும் இடமெல்லாம் துணி டேப் சுற்றுங்கள். கேரபைனர் கொக்கி ஏணியில் ஒரு முறை 'டிங்' என்று தட்டினால், காற்றில்லாத மாலையில் நூறு கஜத்தில் படுத்திருக்கும் மான் தலையைத் தூக்கிவிடும். நீங்கள் உட்காரும் முன்பே அந்த மாலை முடிந்தது.

காற்றும் சாய்காற்றும்

வாடை நீக்கும் ஸ்ப்ரே, தனிச் சோப்பு, காற்றுப் புகாத பெட்டியில் துணி எல்லாம் ஓரளவு உதவும். முதிர்ந்த மானின் மூக்கை அவை வெல்லாது. காற்று எங்கே போகிறதோ அங்கே மான் வராதபடி உட்காருவது மட்டும்தான் நம்பத் தகுந்த வழி.

கைபேசி காட்டும் காற்றுத் திசை திறந்தவெளிக்கு உரியது. மரங்களுக்குள், குறிப்பாக மலைச்சரிவில், அதற்கு மேல் இன்னொரு ஓட்டம் ஓடும். காலையில் நிலம் சூடாகச் சூடாகக் காற்று சரிவில் மேலேறும். மாலையில் சரிவை விட்டு வெயில் விலகியதும், அதாவது சூரியன் மறைய ஒரு மணி, ஒன்றரை மணிக்கு முன்பே, குளிர்ந்த காற்று பள்ளம் நோக்கித் தண்ணீரைப் போல வழியத் தொடங்கும். மேலே வீசும் காற்று மெலிந்திருந்தால் இந்த வழிவுதான் உங்கள் வாடையைச் சுமக்கும். இந்தச் சாய்காற்றைத்தான் வேட்டைக்காரர்கள் தெர்மல் என்பார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க எருக்கு இனத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடியின் பஞ்சு போதும். காய் வெடிக்கும் முன் பறித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பரணில் உட்கார்ந்ததும் ஒரே ஒரு பஞ்சிழையை விடுங்கள். முதலில் முகத்துக்கு நேராகப் போகும், தடத்தின் மேல் ஒரு கணம் தயங்கும், பிறகு மெல்லச் சரிந்து ஓடைப் பக்கம் இறங்கும். பவுடர் இரண்டு கஜத்தில் கரைந்துவிடும். பஞ்சை நூறு கஜம் வரை கண்ணால் தொடரலாம். அரை மணிக்கு ஒரு முறை விடுங்கள். ஐந்தரை மணிக்குச் சரியாக இருந்தது ஆறரைக்குத் தலைகீழாகும். பஞ்சு மான் வரும் பக்கம் திரும்பினால் இறங்கிப் போய்விடுங்கள், தயங்க வேண்டாம்.

வயல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இதன் விளைவு மாறும். மேட்டு வயல், கீழே காடு என்றால் மாலையில் உங்கள் வாடை நேராகப் படுக்கைக்கு வழியும். அங்கே மாலைப் பரண் கிட்டத்தட்ட உதவாது, நிலையாக வீசும் பக்கக் காற்று இருந்தால் ஒழிய. பள்ளத்து வயல், மேலே காடு என்றால் வாடை வயல் பக்கம் போகும். காட்டிலிருந்து இறங்கி வரும் ஆணுக்குத் தெரியாது. ஆனால் முன்னதாக வயலுக்குப் போய்விட்ட பெட்டை மோப்பம் பிடித்து மூக்கால் ஊதிக் காலைத் தட்டினால் எல்லாம் கெட்டது. அப்போது பரணை வயலின் மேல்மூலைக்கு, வாடை மான் இல்லாத ஓரத்தில் இறங்கும்படி, மாற்ற வேண்டும்.

இன்னொன்று: முதிர்ந்த ஆண் தனக்குச் சாதகமான காற்றில்தான் பகலில் நடமாடும். முழுக்க உங்களுக்குச் சாதகமான காற்றென்றால் அது அந்த வழியில் வரவே வராமல் போகலாம். எனவே தேர்ந்த வேட்டைக்காரர்கள் தேடுவது மயிரிழைக் காற்று: மான் தன் மூக்கு எல்லாவற்றையும் பிடிக்கிறது என்று நம்பும், ஆனால் உங்கள் வாடை அதன் வழியிலிருந்து 20, 30 டிகிரி விலகிப் போய்விடும். மணிக்கு 8 முதல் 15 மைல் வேகத்தில் ஒரே திசையில் வீசும் காற்று இதற்குத் தோது. 3 மைலுக்குக் கீழே வீசும் காற்று சுழலும். அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

போகும் நாள், போகும் வழி

பருவத் தொடக்கத்தில் காலை வேட்டையை விட்டுவிடலாம். விடியும் முன் மான்கள் வயலிலோ அதன் ஓரத்திலோ இருக்கும். நீங்கள் இருட்டில் அவற்றின் நடுவே நடப்பீர்கள். முதிர்ந்த ஆண் வெளிச்சம் வருமுன் படுக்கைக்குத் திரும்பிவிடும். லாபம் சிறிது, நஷ்டம் பெரிது.

மாலையிலும் எல்லா மாலையும் இல்லை. கடைசி ஐந்து நாளில் இரண்டு முறையாவது வெளிச்சத்தில் அந்த மான் தெரிந்திருக்க வேண்டும், காற்று பொருந்த வேண்டும். இதோடு குளிர்க்காற்று முகப்பு வந்து பகல் வெப்பம் 10, 15 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் வேலையை விட்டுவிட்டுப் போங்கள். ஒரு பரணில் முதல் முறை உட்காருவதே சிறந்த வாய்ப்பு. இரண்டாம் முறை பாதி. நான்காம் முறை வெறும் நம்பிக்கை. ஒரே மானுக்கு வேறு வேறு காற்றுக்கு ஏற்ற மூன்று பரண்கள் இருந்தால் ஒவ்வொன்றும் புதிதாகவே இருக்கும்.

சூரியன் மறைய மூன்று மணிக்கு முன் பரணில் இருங்கள். சட்டை ஒன்றோடு மெல்ல நடந்து போய், மரத்தடியில் வியர்வை ஆறி, பிறகு மேலுடை அணியுங்கள். வழி குறுக்காக இருக்க வேண்டியதில்லை: ஓடைக்குள், பள்ளத்துக்குள், மக்காச்சோள வரிசைக்குள் கால் மணி கூடுதலாகச் சுற்றினாலும் மான் பார்வையில் படாத வழியே வழி. ரப்பர் பூட்ஸ் போடுங்கள். மான் தடத்தைக் குறுக்கே கடக்க நேர்ந்தால் புல்லிலும் கிளையிலும் கை, தொடை உரசாமல் கடந்து போங்கள். மண்ணை விடச் செடியில் படும் வாடை மூக்கு உயரத்திலேயே தங்கும்.

மானின் கண் நீலத்தை நன்றாகவும் சிவப்பை மிக மோசமாகவும் பிரிக்கும். அதனால்தான் பாதுகாப்புக்குரிய பளீர் ஆரஞ்சு நிறம் அதற்குக் கண்ணை உறுத்துவதில்லை, நீல ஜீன்ஸ் உறுத்தும். துணியை வெண்மை கூட்டும் சோப்புத்தூளில் துவைக்காதீர்கள். அசைவுதான் பெரிய காட்டிக்கொடுப்பு. செப்டம்பரில் அசைய வைப்பது கொசு. விசிறிக்கொண்டிருக்கும் கை ஒன்று போதும். பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லி தெளித்துக் காயவைத்த உடை உண்ணியைத் தடுக்கும். உண்ணி பரப்பும் லைம் நோய் உள்ள பகுதிகளில் அது கட்டாயம். தோலில் தடவ வேண்டாம். ஈரமாக இருக்கும்போது பூனையை அருகில் விடாதீர்கள்.

அம்பு விடும் கணம்

பெட்டைகள் வந்து மேய, பெரிய ஆண் மரத்துக்குப் பின்னால் நின்று காதை மட்டும் திருப்பும். அப்போது எழாதீர்கள். அது தலையைத் தாழ்த்தும்போதோ மரம் அதன் கண்ணை மறைக்கும்போதோ வில்லை இழுங்கள். பக்கவாட்டாக அல்லது சற்றே அப்பால் திரும்பி நிற்கும்போது மட்டும் விடுங்கள். நேர் எதிரே பார்த்து நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.

தூரத்தைப் பற்றிக் கணக்கு இது: நொடிக்கு 280 அடி போகும் அம்பு 30 கஜத்தை, அதாவது 90 அடியை, ஏறக்குறைய 0.32 நொடியில் கடக்கும். வில்லின் சத்தம் நொடிக்கு 1,100 அடிக்கு மேல் போகும், 0.08 நொடியில் மான் காதில் விழும். மீதிக் கால் நொடியில் விழித்திருக்கும் மான் பாய்வதற்காக உடம்பைப் பல அங்குலம் தாழ்த்திவிடும். அம்பு முதுகுக்கு மேல் பறக்கும். 20 கஜத்தில் அந்த இடைவெளி 0.16 நொடிதான். ஆகவே மான் நிம்மதியாக இருந்தால் 25 கஜம், விழிப்போடு இருந்தால் விட வேண்டாம். குறி, மார்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு.

அடித்த பிறகு அம்பை எடுத்துப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தமென்றால் நுரையீரல். அரை மணி கழித்துத் தொடருங்கள். கருஞ்சிவப்பென்றால் கல்லீரலாக இருக்கலாம். மூன்று நான்கு மணி. பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணியாவது விட வேண்டும். வெக்கையான இரவில் அந்த எட்டு மணி இறைச்சியைக் கெடுக்கும் என்ற பயம் நியாயமானது, ஆனாலும் அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் மானே கிடைக்காது. உங்கள் மாநிலத்தில் அனுமதி இருந்தால் கயிற்றில் கட்டித் தடம் பிடிக்கும் நாயின் உரிமையாளர் எண்ணைப் பருவத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

கிடைத்ததும் டேக் போட்டு, உடனே குடலை எடுத்து, உட்புறத்தில் ஐஸ் பைகளை அடைத்து, சீக்கிரம் தோலுரியுங்கள். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இறைச்சி விரைவில் கெடும். மானின் மூளையை அழிக்கும் கிரானிக் வேஸ்டிங் நோய் உள்ள பகுதிகளில் தலையையும் முதுகெலும்பையும் வெளியே கொண்டுபோகத் தடை இருக்கலாம். சோதனைக்கு மாதிரி கொடுத்து, முடிவு வரும் வரை சமைக்காமல் வையுங்கள்.

வெளியேறுதல்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெளிச்சம் போய்விட்டது, அம்பு விடவில்லை, பரணுக்கு முன்னால் வயலில் பத்து மான் மேய்கிறது. இறங்கினால் எல்லாம் வாலைத் தூக்கி ஓடும், பெரிய ஆணும் அந்த மரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். மான்கள் தாமாக விலகும் வரை காத்திருங்கள், ஒரு மணியானாலும். இல்லையென்றால் ஒருவரை வண்டியில் வயலுக்குள் வரச் சொல்லுங்கள். பண்ணை வண்டி, டிராக்டர் வந்து கலைத்தால் மான் அதை வழக்கமான தொந்தரவாக எடுத்துக்கொண்டு இரவே திரும்பும். மரத்திலிருந்து மனிதன் இறங்குவதைப் பார்த்தால் அந்தக் கணக்கு வேறு. இதற்கு முன்கூட்டியே ஆளும் நேரமும் பேசி வைக்க வேண்டும். வண்டிக்கும் ஆளுக்கும் வழியில்லாத வயலோரத்தில் பரணே வேண்டாம்.

மான் திடீரென மறையும்போது

செப்டம்பர் கடைசியில், அக்டோபர் முதல் வாரத்தில் கேமரா காலியாகும். இதை 'அக்டோபர் மந்தம்' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வார்கள். ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை போட்ட மான்களின் நடமாட்டம் அந்த மாதத்தில் குறைவதில்லை, மாறுவது இடம். சோயா மஞ்சளித்தது, ஓக் கொட்டை விழுந்தது, ஆண் கூட்டம் கலைந்தது, மக்காச்சோளம் அறுவடையானது. காலி வயலில் உட்கார்ந்து கொண்டிருக்காமல், ஒரு காற்று நாளின் நண்பகலில் ஒரே ஒரு முறை உள்ளே நடங்கள். ஆகஸ்டில் குறித்த வெள்ளை ஓக் மரங்களை மட்டும் சுற்றிப் பாருங்கள். கொம்பு உரசிப் பட்டை உரிந்த புது மரமும், தாழ்ந்த கிளைக்கடியில் கீறிய ஈர மண்ணும் அருகிலிருந்தால், சுமந்துபோன இலகுப் பரணை அன்றே கட்டி, அன்று மாலையே உட்காருங்கள். நாளைக்கு வந்து கட்டலாம் என்று திரும்பினால் இரண்டு நுழைவு செலவாகும்.